கடல் கடந்து படிக்கப் போனவர்கள்: கைகொடுத்தவர்களும் கதவடைத்தவர்களும்

மலர்க்குழு நண்பர்கள் என்னிடம் கேட்டது சின்ன விஷயம்தான். "சார், நம்ம பசங்க நிறைய பேர் வெளிநாடு போறாங்க. போற இடத்துல தங்கறது, வேலை தேடறது, பி.ஆர். வாங்கறது பத்தி ஒரு கட்டுரை கொடுங்க" என்றார்கள். விசா விதிகளை எழுதிக் கொடுத்தால், மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் பாதி மாறிவிடும். நான் படித்தது சரித்திரம். ஆகவே இந்த மூன்று காரியங்களும் நூறு வருஷத்துக்கு மேலாக நம்மவர்களுக்கு எப்படி நடந்து வந்திருக்கின்றன என்பதை எழுதுகிறேன். நடப்புத் தகவலை விட அது அதிக நாள் தாங்கும்.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் வடக்கே போகும் மின்சார ரயிலில் ஏறினால் வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். இறங்கி ரோட்டைக் கடந்தால் விமான நிலையம். 1937-இல் தாம்பரத்துக்கு வந்த கிறிஸ்தவக் கல்லூரி, 1949-இல் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி., எண்பதுகளில் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் முளைத்த பொறியியல் கல்லூரிகள் எல்லாம் இந்தத் தடத்தில்தான் இருக்கின்றன. ஏரியும் வயலுமாக இருந்த நம் பக்கத்தில் இன்று அடுக்குமாடிக்கு அடுக்குமாடி விளக்கெரியாத வீடுகள் இரண்டாவது இருக்கும். பையன் நியூ ஜெர்சியில் இருப்பான், சாவி கீழ் வீட்டு மாமியிடம் இருக்கும். இன்னொன்றும் உண்டு. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி பெரும்பாலும் அடமானம் கேட்கும். ஊரப்பாக்கத்தில், கூடுவாஞ்சேரியில் அப்பா வியர்வை சிந்தி வாங்கிய அரை கிரவுண்டு மனையின் பத்திரம் அங்கே போய் உட்காரும். அதனால்தான் இதை வெறும் பழங்கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் லண்டன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ்டர் படிப்புக்கும் ஐ.சி.எஸ். பரீட்சைக்கும் கப்பல் ஏறியவர்களுக்கு முதல் பிரச்சினை வாடகை அறை. நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திய வீட்டுக்காரிகள் அங்கே ஏராளம். 1905-இல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா ஹைகேட் பகுதியில் ஒரு வீட்டை வாங்கி, 'இந்தியா ஹவுஸ்' என்று பெயரிட்டு மாணவர் விடுதியாக்கினார். நம் திருச்சி வரகனேரி வ.வே.சு. அய்யர் 1907-இல் சட்டம் படிக்க லண்டன் போனவர் அங்கேதான் தங்கினார். டாக்டர் தி.சே.செள. ராஜனும் அங்கே இருந்தவர். சோறும் படுக்கையும் கொடுத்த அந்த வீடு அரசியலும் கொடுத்தது. அய்யர் பாரிஸ்டராக ஊர் திரும்பவில்லை. 1910-இல் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

இதற்கு நடுவே 1909 ஜூலை 1 அன்று மதன்லால் திங்ரா என்ற மாணவர் லண்டனில் கர்சன் வில்லியைச் சுட்டுக் கொன்றார். இந்திய மாணவர்களைத் தனியே விட்டு வைக்கக் கூடாது என்ற எண்ணம் சர்க்காருக்கு வலுத்தது. மாணவர்களுக்கென்று அதே ஆண்டு ஒரு தகவல் அலுவலகம் வந்தது. 21, கிராம்வெல் சாலை என்ற முகவரி பிறகு புதிதாக வந்திறங்கும் மாணவர்களை வரவேற்கும் இடமாயிற்று. தங்க இடம், கல்லூரி விவரம், ஆலோசனை எல்லாம் கிடைத்தன. ஆனால் மாணவர்களுக்கு அந்த வீட்டின் மேல் நம்பிக்கை வரவில்லை. 'இது உதவியா, உளவா?' என்று முணுமுணுத்தார்கள். அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை என்பது என் கட்சி.

1914 ஏப்ரலில் அதே கிராம்வெல் சாலை வீட்டுக்கு ஒரு கும்பகோணத்துக்காரர் வந்து சேர்ந்தார். சீனிவாச ராமானுஜன்! மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' கப்பலில் ஏறியவர். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்திருந்தது. கணிதத்தில் அவர் செய்தது ஊருக்கே தெரியும். அவர் எப்படி அங்கே 'செட்டில்' ஆனார் என்பதைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன். சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்திருந்த ஈ.எச். நெவில் என்ற இளம் கணிதப் பேராசிரியர் அவரைப் பேசிச் சம்மதிக்க வைத்தார், உதவித்தொகைக்காகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். கப்பல் துறைக்கே வந்து அழைத்துக்கொண்டு போனதும் அவர்தான். சில நாளில் கேம்பிரிட்ஜில் தம் வீட்டிலேயே தங்கவும் வைத்துக்கொண்டார். அழைத்தவரே வாசலில் நின்று வரவேற்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அப்படி இருந்தும் பாருங்கள். ராமானுஜன் கல்லூரி அறைக்கு மாறிய பிறகு, அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மகலனோபிஸ் ஒரு நாள் பேச்சுவாக்கில், ராத்திரி குளிருக்கு எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பதாக ராமானுஜன் சொன்னார். போய்ப் பார்த்தால் கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு சேர்த்துக் கச்சிதமாக மடித்துச் சொருகப்பட்டிருக்கின்றன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அந்த மேதைக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. மகலனோபிஸ்தான் பிரித்துக் காட்டினார். ஹார்டிக்கோ, நெவிலுக்கோ இது தோன்றாது. அவர்கள் பிறந்ததிலிருந்து அந்தக் கட்டிலில் படுத்தவர்கள். குளிரைப் புதிதாகப் பட்டவனுக்குத்தான் இன்னொருவன் குளிர் புரியும். சீனியர் என்று நாம் சொல்கிறோமே, அது இதுதான்.

இந்த வேலையை ஒரு நிறுவனமாகவே நடத்திக் காட்டியவர் ஒரு தமிழர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சேலத்தில் 1876-இல் பிறந்த கே.டி. பால். தாம்பரம் வருவதற்கு முன், ஹைகோர்ட்டுக்கு எதிரே இருந்த கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். ஒய்.எம்.சி.ஏ.வின் இந்தியத் தேசியக் கவுன்சிலுக்குப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1920-இல் லண்டனில் இந்திய மாணவர் விடுதியையும் சங்கத்தையும் தொடங்கி வைத்தார். போர்க்காலத்தில் நியூசிலாந்துச் சிப்பாய்களுக்காகப் போட்ட ஒரு தற்காலிகக் கொட்டகையில் ஆரம்பம். பிறகு கோவர் தெருவுக்கு இடம் மாறியது. 1940-இல் ஜெர்மன் குண்டு விழுந்து அந்தக் கட்டடம் நாசமாயிற்று. ஐம்பதுகளில் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பியது. சாதி, மதம் பாராமல் இடம் கொடுப்பது, நம் ஊர்ச் சாப்பாடு போடுவது, நாலு பேர் கூடிப் பேச ஒரு ஹால் வைத்திருப்பது, இவ்வளவுதான் அதன் கொள்கை. வ.வே.சு. அய்யர் தங்கிய வீடு ஐந்தாறு வருஷம் கூட நீடிக்கவில்லை. கிராம்வெல் சாலை ஏற்பாடு சர்க்காரோடு போயிற்று. சோறு போட்ட விடுதி நூறாண்டைத் தாண்டி இன்றும் நடக்கிறது.

அந்தக் காலத்து லண்டன் மாணவர்களுக்கு 'அங்கேயே தங்கிவிடுவது' என்பது பெரிய கவலை இல்லை. படிப்பதே ஊர் திரும்பிப் பெரிய உத்தியோகம் பார்க்கத்தான். தங்கிவிடுவது என்ற ஆசை பரவலாக வந்தது அமெரிக்காவால். அங்கேதான் சட்டம் குறுக்கே நின்றது.

1917-இல் அமெரிக்கா ஆசியாவின் பெரும்பகுதிக்கே வேலி போட்டது. மாணவர்கள் வரலாம், குடியேறிகள் வரக் கூடாது. 1923-இல் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் கேம்பிரிட்ஜ் வழியாக 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நட்சத்திரங்களின் உள்ளே நடப்பதைக் கணக்கிட்டுச் சொன்ன மனிதர், அந்நாட்டுப் பிரஜையாக விண்ணப்பம் கூடப் போட முடியாது! 1946 ஜூலையில் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகே அந்தத் தடை நீங்கியது. அதிலும் இந்தியாவுக்கென்று ஒதுக்கியது ஆண்டுக்கு 100 பேர். சந்திரசேகரும் லலிதா அம்மையாரும் 1953-இல்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்கள். முப்பது வருஷம் கழித்து அவருக்கு நோபல் பரிசு வந்தபோது இரண்டு நாடும் சொந்தம் கொண்டாடின.

பெரிய கதவு திறந்தது 1965 அக்டோபரில். ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் பழைய இனவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. கிழக்கு அரைக்கோளத்தின் எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு 20,000 வரை என்றும், படித்த தொழில்முறையாளர்களுக்கு முன்னுரிமை என்றும் சொன்னது. கிண்டியிலும், ஐ.ஐ.டி.யிலும், மருத்துவக் கல்லூரிகளிலும் படித்து முடித்த தலைமுறைக்கு அது அடித்த அதிர்ஷ்டம். அன்னியச் செலாவணிக் கெடுபிடியால் கையில் எட்டு டாலரோடு விமானம் ஏறியவர்கள் அவர்கள். எழுபதுகளில் போனவர்களைக் கேளுங்கள்: "படிப்பு முடிஞ்சுது, வேலை கிடைச்சுது, கார்டு வந்துது" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அதைக் கேட்டுத்தான் அடுத்த தலைமுறை கிளம்பியது.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காலத்து சீனியர்களின் உதவி கோவில் கட்டிக் கும்பிட வேண்டிய விஷயம். ஏரோகிராமில் பொடி எழுத்தில் ஓரம் வரை எழுதி அனுப்புவார்கள். "பிரஷர் குக்கர் கொண்டு வா, கேஸ்கட் இரண்டு சேர்த்துக் கொண்டு வா. ஊறுகாயை மூணு கவர் போட்டுக் கட்டு. மூக்குக் கண்ணாடி ஸ்பேர் ஒண்ணு அவசியம், இங்கே யானை விலை." பல்கலைக்கழகத்து இந்திய மாணவர் சங்கத்திலிருந்து யாராவது ஒருவர் ஓட்டைக் காரை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வருவார். முதல் இரண்டு வாரம் யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் கார்ப்பெட் மேல் படுக்கை. பிறகு நாலு பேராகச் சேர்ந்து வீடு பிடித்து, சமையலுக்கு முறை வைத்துக்கொள்வது. எந்தப் பேராசிரியரிடம் உதவித்தொகை காலியாக இருக்கிறது என்று காதில் போடுவதும் அந்த சீனியரே. ஒரு பைசா கமிஷன் கிடையாது. அடுத்த வருஷம் நீ இன்னொருவனுக்குச் செய், அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் கவனியுங்கள். தங்க இடம், வேலை, இரண்டுக்கும் சீனியர் கைகொடுக்க முடியும். மூன்றாவது அவர் கையில் இல்லை.

1990-இல் அமெரிக்கச் சட்டம் மறுபடி திருத்தப்பட்டது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 என்று வரம்பு வந்தது. வேலையின் பேரில் கொடுக்கும் கிரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000. அதில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. கணக்குப் போட்டால் 9,800. மிச்சம் மீதி விழுந்தால் சிறிது கூடும். மனைவி, பிள்ளைகளையும் இந்த எண்ணிக்கையில்தான் சேர்ப்பார்கள். இந்தியாவுக்கும் இதே விழுக்காடு, ஐஸ்லாந்துக்கும் இதே விழுக்காடு! அப்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் அலை வந்தது. 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காக ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் தூதரக வாசலில் விடியற்காலை வரிசை நின்றது. எச்-1பி வரம்பு 2001 முதல் மூன்று ஆண்டு 1,95,000 வரை ஏறி, பிறகு பழையபடி 65,000-க்கு இறங்கியது. அங்கே மேல்பட்டம் படித்தவர்களுக்கு மட்டும் தனியே 20,000 சேர்த்தார்கள். உள்ளே நுழையும் வாசலை அகலமாக்கியவர்கள் கிரீன் கார்டு வாசலை அகலமாக்கவில்லை. அதன் பலன், இந்தியாவில் பிறந்தவர் இன்று வழக்கமான பிரிவுகளில் பத்தாண்டுக்கும் மேலாக வரிசையில் நிற்கிறார். அங்கே வளர்ந்த பிள்ளைக்கு 21 வயது ஆனால், வரிசை நகர்வதற்குள் அந்தப் பிள்ளை பெற்றோர் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு. படித்து முடித்தபின் ஓராண்டு வேலைப் பயிற்சி, அறிவியல், பொறியியல் பட்டத்துக்கு 2016 முதல் மேலும் 24 மாதம் என்பது ஒரு மூச்சு விடும் நேரம். அதன்பின் எச்-1பி குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்கள் சிலவற்றுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் ஒரே அறிவிப்பில் சொன்னார். ராத்திரி தூங்கப் போகும்போது ஒரு கணக்கு, காலையில் வேறு கணக்கு.

அமெரிக்காதான் இப்படி என்று நினைத்து விடாதீர்கள். ஆஸ்திரேலியா கதை இன்னும் பாடம் நிறைந்தது. 1951-இலிருந்து கொழும்புத் திட்டத்தில் ஆசிய மாணவர்களைக் கூப்பிட்டுப் படிக்க வைத்தார்கள். படித்ததும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை அடியோடு ஒழிந்தது 1973-இல். பிறகு 2000-க்குப் பின் ஒரே தலைகீழ்: தட்டுப்பாடான தொழில்கள் என்று ஒரு பட்டியல், அந்தத் தொழிலைப் படித்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு மதிப்பெண். சமையல், முடிதிருத்தம் கற்றுத் தரும் தனியார் கல்லூரிகள் மழைக்காளானாக முளைத்தன. நம் நாட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 'படிப்பை விற்கவில்லை, பி.ஆரை விற்கிறார்கள்' என்று அந்நாட்டுப் பத்திரிகைகளே எழுதின. 2010-இல் அரசு பழைய பட்டியலைத் தூக்கிவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தது. சமையலும் முடிதிருத்தமும் அதில் இல்லை. பாதிப் படிப்பில் இருந்தவன் கதி? கடன் மட்டும் அப்படியே நின்றது.

பிரிட்டன் படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் விசாவை 2012-இல் மூடியது, 2021-இல் இரண்டாண்டு என்று திறந்தது, 2027 முதல் 18 மாதம் என்று குறைத்திருக்கிறது. 1967-இலேயே நிறம் பாராத மதிப்பெண் முறையைக் கொண்டுவந்த கனடா 2024-இல் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. கணக்கில் காட்ட வேண்டிய பணத்தை 10,000 டாலரிலிருந்து 20,635 ஆக்கியது. வேலை உத்தரவு கையில் இருந்தால் கிடைத்த கூடுதல் மதிப்பெண் 2025 மார்ச்சில் போயிற்று. ஜெர்மனி இப்போதைக்குத் தாராளம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை, படிப்பு முடிந்து 18 மாதம் வேலை தேடலாம். அங்கே பட்டம் பெற்றவர் தகுதிக்கேற்ற வேலையில் இரண்டாண்டு இருந்து, மொழியும் கற்றால் நிரந்தர அனுமதி கேட்கலாம். 'இப்போதைக்கு' என்ற சொல்லை நான் யோசித்தே போட்டிருக்கிறேன்.

இடைத்தரகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கலிபோர்னியாவில் டிரை-வேலி பல்கலைக்கழகம் என்று ஒன்று 2011 ஜனவரியில் மூடப்பட்டது. வகுப்பே இல்லாமல் மாணவர் விசாவை விற்ற இடம். அதில் சிக்கிய நூற்றுக்கணக்கானோரில் பெரும்பாலோர் இந்தியர், நம் பக்கத்து மாநிலத்தவர் அதிகம். சிலர் கணுக்காலில் ரேடியோ பட்டையோடு நடமாட வேண்டி வந்தது. நடத்திய அம்மாளுக்குப் பிறகு 16 ஆண்டு சிறை. 2019-இல் ஃபார்மிங்டன் என்ற பல்கலைக்கழகம் இன்னும் விசித்திரம்: அதை உருவாக்கி நடத்தியதே அமெரிக்க அரசின் அதிகாரிகள், பொறி வைப்பதற்காக! கிராம்வெல் சாலையைச் சந்தேகப்பட்ட அந்தக் காலத்துப் பையன்கள் என் நினைவுக்கு வந்தார்கள். சேர்த்துவிட்டதற்குக் கல்லூரியிடமே கமிஷன் வாங்குகிற ஏஜெண்ட் 'பி.ஆர். கேரண்டி சார்' என்று சொன்னால், 'எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க' என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு நேரம் நாம் போன கதை. நம்மிடம் வந்த கதையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு அரைகுறை.

1983 கலவரத்துக்குப் பின் இராமேசுவரம் கரையில் இறங்கிய ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் நம் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்கள்தான், சட்டப்படி. தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமிலிருக்கும் பிள்ளைகளைப் பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்ப்பதைத் தன் முதல் வேலையாக வைத்துக்கொண்டது. கே.டி. பால் லண்டனில் செய்ததை இவர்கள் தகரக் கூரைக்குக் கீழே செய்தார்கள். 1991-க்குப் பின் சில ஆண்டுகள் கல்லூரிக் கதவு அவர்களுக்குச் சாத்தப்பட்டது; 1996-இல் மறுபடி திறந்தது. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, படிப்புக்கு உதவித்தொகையும் அறிவித்தது. நல்லதுதான். ஆக, தங்க இடம் என்ற முதல் படியை ஓரளவு ஏறிவிட்டார்கள்.

இரண்டாவது படியில் நிற்கிறார்கள். பட்டம் வாங்கியவர் பலர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலை இல்லை. தனியார் கம்பெனிகளும் முகாம் அடையாள அட்டையைப் பார்த்ததும் தயங்குகின்றன. மூன்றாவது படி நம் குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பின் இன்னும் இறுக்கம். அதாவது ஒரே முகாமில், ஒரே தாய்க்கு 1987 மே மாதம் பிறந்த அண்ணன் இந்தியர் என்று உரிமை கோரலாம். 1989-இல் பிறந்த தம்பி அயல்நாட்டவர். 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட நாடுகளில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. விலக்குதான், குடியுரிமை அல்ல. நியூ ஜெர்சியில் நம் பையன் எண்ணுகிற வருஷத்தை விட இவர்கள் எண்ணுகிற வருஷம் அதிகம்.

மலர்க்குழு சொன்னது, சங்கத்தில் இனி வெளிநாடு போகிறவர்களுக்கு ஊர்வாரியாக சீனியர் பட்டியல் ஒன்று தயாரிக்கப் போகிறோம் என்று. செய்யுங்கள். விமான நிலையத்துக்கு வருகிறவர், முதல் இரண்டு வாரம் இடம் கொடுக்கிறவர், பயோடேட்டாவைத் திருத்திக் கொடுக்கிறவர் என்று பெயர் இருக்கட்டும். விசா கேள்விக்கு மட்டும் அந்தந்த அரசின் அலுவலகத்தையோ உரிமம் பெற்ற வக்கீலையோ காட்டுங்கள். அந்தப் பட்டியலில் இன்னொரு பக்கம் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சென்னையிலும், மறைமலைநகரிலும், ஓ.எம்.ஆர். கம்பெனிகளிலும் ஆள் எடுக்கும் பொறுப்பில் நம் பழைய மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். முகாம் அட்டையோடு ஒரு பையனோ பெண்ணோ வந்தால் ஃபைலை ஓரமாக வைத்துவிடாமல், உங்கள் சட்டப் பிரிவிடம் 'இவரை எடுக்க என்ன தடை?' என்று எழுத்து மூலமாக ஒரு கேள்வி கேளுங்கள். கேட்கச் சம்மதிக்கிறவர்கள் பெயரையும், வேலை செய்யும் இடத்தையும் ரீயூனியன் அன்று பதிவு மேஜையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.